கடைசிப் பக்கத்துச் செல்லத்துரை

மனிதர்களில் முடிவுசொல்லி என்று ஓர் இனம் உண்டு. கொம்பு, வால் எதுவும் கிடையாது. நம்மைப் போலவே சட்டை போட்டுக்கொண்டு நடமாடும். நீங்கள் ஒரு கதைப் புத்தகத்தின் நடுவில் மூழ்கிக் கிடக்கும்போது உங்கள் தோளுக்குப் பின்னால் வந்து நிற்கும். "இதுவா படிக்கிறீங்க? நல்லா இருக்கும்" என்று ஆரம்பிக்கும். நீங்கள் சந்தோஷமாகத் தலையாட்டுவீர்கள். "ஆனா கடைசியில அந்த டாக்டர்தான் கொலைகாரன்" என்று சொல்லிவிட்டு, உங்கள் காலரில் ஊர்ந்த பூச்சியைத் தட்டிவிட்டவர் மாதிரி உபகார முகத்தோடு நகர்ந்துவிடும்.

கதைப் புத்தகத்தோடு நின்றால் பரவாயில்லையே. கரண்ட் போனதால் தவறிய கிரிக்கெட் ஆட்டத்தை மறுநாள் திரும்பக் காட்டுகிறார்கள் என்று தோட்டத்து வரிசை வீடுகளான ஒரு லயத்துச் சனமே ஒற்றை டி.வி.யின் முன்னால் ஒண்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். முடிவுசொல்லி கதவு நிலையில் சாய்ந்து நின்று, "பாருங்க, பாருங்க, நான் ஒண்ணும் சொல்லல, ஆனா கடைசி ஓவர்ல நம்மாளுங்க தோத்துருவானுங்க" என்பார். ஒன்றும் சொல்லவில்லையாம். இவர்கள் அத்தனை பேரும் இந்த வாக்கியத்தைத்தான் முதலில் சொல்வார்கள். "நான் ஒண்ணும் சொல்லல" என்று யாராவது வாயைத் திறந்தால் நீங்கள் காதைப் பொத்திக்கொள்ளுங்கள்.

இந்த இனத்தின் மிகச் சிறந்த பிரதிநிதி ஒருவர் இலங்கையில் கேகாலைப் பக்கத்தில் இருந்தார். புளத்கொகுபிட்டியிலிருந்து பஸ் முனகிக்கொண்டே ஏறும் ரோட்டில், கீழே ரப்பரும் மேலே தேயிலையுமாக மலை நிறம் மாறுகிற இடத்தில் ஒரு சின்னக் கடைவீதி. அதில் துணியும் பருப்பும் ஒரே கூரைக்குக் கீழே விற்கும் கடை செல்லத்துரையுடையது. நல்ல மனிதர். தராசில் விரலை வைக்காதவர். தோட்டத்துச் சனத்துக்கு மரியாதையாகப் பேசுகிறவர். சிங்களம் தண்ணீர் மாதிரி பேசுவார். எந்தக் குறையும் இல்லை, இந்த ஒன்றைத் தவிர.

பெண் பார்க்கப் போகிறவர்கள் பெரிய மனிதர் துணைக்கு இருக்கட்டும் என்று அவரைக் கூட்டிப்போய்ப் பட்ட பாடு கொஞ்சமில்லை. பெண் தட்டோடு வெளியே வருவதற்குள், "இது சரிப்பட்டு வராது, பலகாரத்த மட்டும் சாப்பிட்டுட்டுக் கிளம்புவோம்" என்று நடு வீட்டில் சொல்லிவிடுவார். கல்யாணமான புதிதில் தன் மனைவி அன்னலட்சுமியைக் கேகாலைக்குப் படம் பார்க்கக் கூட்டிப்போனார். டிக்கெட் கிழிக்கிற வாசலிலேயே, "கதாநாயகி பொழைக்க மாட்டா, மனச தயார் பண்ணிக்க" என்றார். அன்னலட்சுமி இடைவேளை வரைக்கும் அழுதாள். இடைவேளைக்கு அப்புறம் தூங்கிவிட்டாள். அதன் பிறகு அவரோடு அவள் தியேட்டர் வாசலை மிதிக்கவில்லை.

ஏன் இப்படி? கெட்ட எண்ணமா? இல்லவே இல்லை. ஒரு விஷயத்தின் முடிவு தெரியாமல் உட்கார்ந்திருப்பது செல்லத்துரைக்குச் செருப்புக்குள் கல் கிடப்பது மாதிரி. ஆகவே எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் திறப்பார். படித்ததும் கல் வெளியே விழுந்துவிடும். பிறகு முன்பக்கங்களில் அவருக்கு என்ன வேலை? மூடி வைத்துவிடுவார். தன் கல் விழுந்த சுகம் ஊருக்கும் கிடைக்கட்டும் என்று அடுத்து எதிர்ப்படுகிறவரிடம் முடிவைச் சொல்லிவிடுவார். ஆக, மனிதர் வாழ்நாளில் ஒரு கதையையும் முழுதாகப் படித்ததில்லை. ஊரோ அவரை எல்லாவற்றையும் படித்தவர் என்று நினைத்திருந்தது. நமக்கும் இப்படிச் சிலரைத் தெரியுமல்லவா?

தொண்ணூற்றேழாம் வருஷம் இந்தச் செல்லத்துரைக்கு ஒரு சோதனை வந்தது. அது ஒரு காமிக்ஸ் புத்தகத்தின் உருவில் வந்தது.

கடைவீதியில் ஐயாவுவின் சலூன் இருந்தது. ரப்பர் பால் வெட்டுகிறவர்களுக்கு மத்தியானத்தோடு வேலை முடிந்துவிடும். குளித்துவிட்டு நேரே சலூனுக்கு வருவார்கள். முடி வெட்டிக்கொள்ள அல்ல. அங்கே பழனியாண்டி காமிக்ஸ் படிப்பான். பழனியாண்டி பால் வெட்டுகிறவன்தான். ஆனால் புத்தகத்தைக் கையில் எடுத்துவிட்டால் வில்லனுக்கு ஒரு குரல், வீரனுக்கு ஒரு குரல், வெடிகுண்டுக்கு ஒரு குரல். பேரப்பிள்ளை எடுத்த ஆட்களெல்லாம் வாயைப் பிளந்துகொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். பாதி முகத்தில் சோப்பு நுரையோடு ஒருவர், கத்தி வருகிறதா இல்லையா என்றுகூடக் கவலைப்படாமல், கதையைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

அப்போது ஓடிக்கொண்டிருந்தது 'இரும்புத்தும்பி'யின் கதை. பகலில் கடிகாரம் திருத்துகிறவன், ஆபத்து என்றால் இரும்பு முகமூடி மாட்டி, முதுகில் இரும்புச் சிறகு கட்டிப் பறந்து வருவான். அவனுக்கு எதிரி டாக்டர் கந்தகம். முகம் வெந்துபோனதால் பித்தளை முகமூடி போட்டவன். நகரம் முழுவதையும் மஞ்சள் புகையால் மூடி, சூரியனையே விலைக்கு விற்கப்போகிறேன் என்று மிரட்டுகிறவன். கதை மூன்று இதழ்களாக வந்தது. இரண்டாவது இதழின் கடைசியில் தும்பி, சிறகுகள் முறிந்து, கொதிக்கும் கந்தகத் தொட்டிக்கு மேலே ஒற்றைக் கையால் தொங்குகிறான். டாக்டர் கந்தகம் குனிந்து, அவன் முகமூடியில் கை வைக்கிறான். 'முடிவு அடுத்த இதழில்.'

ஒரு மாதம் சலூனில் வேறு பேச்சே இல்லை. கையை விட்டுவிடுவான், விடமாட்டான் என்று இரண்டு கட்சி. சம்பள உயர்வு பற்றிப் பேச வந்த யூனியன்காரரிடம்கூட, "அதுக்கு முன்னாடி தலைவரே, நீங்க என்ன நினைக்கிறீங்க, தும்பி பொழைப்பானா?" என்று கேட்டார்கள்.

இங்கேதான் சிக்கல். இந்தப் புத்தகங்கள் கொழும்பு வழியாகக் கேகாலையில் தாஸிம் நடத்தும் புத்தகக் கடைக்கு வரும். அங்கிருந்து சலூனுக்குக் கொண்டுவருவது சரக்கு எடுக்கப் போகும் செல்லத்துரை. முதல் இதழ் வந்தபோது பஸ்ஸை விட்டு இறங்கும்போதே, "தும்பி ஜெயில்ல இருந்து தப்பிச்சிட்டான்" என்றார். இரண்டாவது வந்தபோது சலூன் வாசற்படியில் நின்று, "சிறகு போச்சு" என்றார். இரண்டு தடவையும் பழனியாண்டி செத்த வீட்டில் படிக்கிறவன் மாதிரிதான் படிக்க வேண்டியிருந்தது.

மூன்றாவது இதழ் வருகிற வாரத்தில் ஐயாவு, செல்லத்துரையைக் கையோடு மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போனார். பின்னால் சலூன் பெஞ்சே எழுந்து போனது.

"முதலாளி, தப்பா நினைக்காதீங்க" என்றார் ஐயாவு. "சூடம் ஏத்தி சத்தியம் பண்ணிட்டுப் போயிட்டு வாங்க."

"எதுக்கு ஐயாவு?"

"சலூனுக்கு வர்றவங்க ஒருத்தருகிட்டயும் முடிவச் சொல்ல மாட்டேன்னு. ஞாயித்துக்கிழமை எல்லாரும் ஒண்ணா உக்காந்து படிக்கிறோம். அதுவரைக்கும் உங்க வாயி அம்மனுக்குச் சொந்தம்."

"நான் எப்ப ஐயா சொல்லியிருக்கேன்?" என்று செல்லத்துரை கேட்டார். உண்மையான ஆச்சரியத்தோடுதான் கேட்டார். இந்த இனத்துக்குத் தங்கள் குணம் தெரியாது. பின்னால் நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சூடம் எரிந்தது. சத்தியம் முடிந்தது.

வியாழக்கிழமை தாஸிம் கடையில் புத்தகத்தை வாங்கினார். வாங்கிய இடத்திலேயே, கல்லாவுக்கு முன்னால் நின்றபடி, கடைசிப் பக்கத்தைத் திறந்தார். சத்தியம் வாய்க்குத்தானே, கண்ணுக்கு இல்லையே. கொதிக்கும் தொட்டிக்குள் இரும்புச் சிறகும் இரும்பு முகமூடியும் மூழ்குகின்றன. பித்தளை முகமூடிக்காரன் கைவிலங்கோடு நடக்கிறான். நகரமே தெருவில் திரண்டு நின்று அழுகிறது, அவன்மேல் கல் எறிகிறது. 'முற்றும்.' கல் விழுந்தது. தும்பி செத்தான், டாக்டர் பிடிபட்டான். புத்தகத்தை மூடினார்.

ஐயாவு அதை வாங்கி, வாடிக்கையாளர் கழுத்தில் துணி குத்துகிற ஊக்குகளை எடுத்து மூன்று பக்கமும் வரிசையாகக் குத்தி, கண்ணாடிக்குக் கீழேயிருந்த லாச்சியில் வைத்துப் பூட்டினார்.

அன்று பின்னேரமே செல்லத்துரைக்கு விக்கல் தொடங்கியது.

வெள்ளிக்கிழமை விக்கல் முற்றியது. துணி அளக்கும்போது ஒவ்வொரு முழத்துக்கும் ஒரு விக்கல். யாரைப் பார்த்தாலும் நாக்கு தானாக மேலண்ணத்தில் ஏறி "கடைசியில" என்ற சொல்லுக்குத் தயாராகிவிடுகிறது. அவர் வாயில் ஒரு சீரகத்தைப் போட்டு மென்று அதை விழுங்குவார். சாப்பிட உட்கார்ந்தபோது அன்னலட்சுமியை மெல்லப் பார்த்தார்.

"அன்னம், நீ சலூனுக்குப் போறதில்லதானே?"

அன்னலட்சுமி குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தாள். "ஏங்க, எனக்கும் அந்தக் கதை தெரியும். ஐயாவு அண்ணன் வீட்டு அக்கா முதல் ரெண்டு பாகத்தையும் சொல்லியிருக்காங்க. மூணாவதையும் அவங்ககிட்ட கேட்டுக்குவேன். நீங்க இப்ப வாயத் தொறந்தா, நான் எங்கம்மா வீட்டுக்குப் பஸ் ஏறிருவேன்."

அவர் சோற்றைப் பிசைந்தார். விக்கினார்.

சனிக்கிழமை காலையில், கடைக்கு வழக்கமாகக் கித்துல் பனைப் பாணியும் கருப்பட்டியும் கொண்டுவரும் உக்குபண்டா வந்தார். மலைக்கு அந்தப் பக்கத்துச் சிங்களக் கிராமத்துக்காரர். செல்லத்துரை அவரை அன்றுதான் முதன்முதலாக உற்றுப் பார்த்தார். நெஞ்சு வரைக்கும் தாடி. இந்த மனிதர் எந்தச் சலூனுக்கும் போகிறவர் இல்லை. அம்மன் எவ்வளவு கருணை உள்ளவள்.

"உக்குபண்டா, உட்காருங்க. ஒரு தேத்தண்ணி குடிங்க" என்றார் சிங்களத்தில். தேத்தண்ணி வருவதற்குள் கொட்டிவிட்டார். "நான் ஒண்ணும் சொல்லல, உங்களுக்கு மட்டும்தான். கடைசியில இரும்புத்தும்பி விழுந்துருச்சு. கந்தகம் டாக்டரைப் பிடிச்சிட்டாங்க. கையில விலங்கு."

விக்கல் நின்றது. செல்லத்துரை கண்ணை மூடி ஒரு பெருமூச்சு விட்டார். உக்குபண்டா தேத்தண்ணியைக் குடிக்காமல் எழுந்து போனதை அவர் கவனிக்கவில்லை.

உக்குபண்டா காமிக்ஸ் படிக்கிறவர் அல்ல. கடை முதலாளி ஒருவர் குரலைத் தாழ்த்தி, உங்களுக்கு மட்டும்தான் என்று ஒரு செய்தியைச் சொன்னால், அது நடந்த செய்தி என்றுதான் அவர் நினைப்பார். சண்டை நடந்துகொண்டிருந்த காலம். ரோட்டில் சாவடி, பஸ்ஸில் சோதனை. வானத்தில் இரும்பில் தும்பி மாதிரி பறப்பது என்னவென்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அவர் தேத்தண்ணிக் கடையில் போய், "யகட பத்கூரா ஒன்று விழுந்துவிட்டதாம்" என்றார், இரும்புத்தும்பிக்குச் சிங்களத்தில் அதுதான் பெயர். பஸ் நிற்குமிடத்துக்கு அது ஹெலிகொப்டராகப் போய்ச் சேர்ந்தது. அடுத்த திருப்பத்தில் அதை விழுத்தியது கெந்தகம் வைத்திருந்த ஒரு டாக்டர் என்றானது; சிங்கள வாயில் கந்தகம் கெந்தகம்தான். சாவடிக்குப் போனபோது டாக்டர் தோட்டத்துக்காரர் ஆகியிருந்தார், கந்தகம் மூட்டை மூட்டையாக ஆகியிருந்தது, முதல் ஆளாக இதையெல்லாம் சொன்னவர் செல்லத்துரை முதலாளி என்பது மட்டும் ஒரு எழுத்தும் மாறாமல் போயிருந்தது.

பொலிஸ் முதலில் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் போனது. மருந்து கொடுக்கும் ஐயாவிடம் கந்தகம் இருக்கிறதா என்று கேட்டார்கள். அந்த அப்பாவி மனிதர், "இருக்கு மாத்தயா, எவ்வளவு வேணும்?" என்று சொறிக்குத் தடவுகிற கந்தகக் களிம்பில் ஒரு போத்தலை எடுத்து நீட்டினார். சார்ஜன்ட் அதைச் சாட்சிப் பொருளாக ஜீப்பில் வைத்தார். அடுத்து ஜீப் செல்லத்துரையின் கடை முன்னால் வந்து நின்றது.

இந்த இடத்தில் கொஞ்சம் சிரிப்பை நிறுத்திக்கொள்ளுங்கள். அந்த வருஷங்களில் தமிழ் ஆள் ஒருவரை ஜீப்பில் ஏற்றினால் அதற்கு என்ன அர்த்தம் என்று கடைவீதிக்குத் தெரியும். சிலர் அடுத்த நாள் வருவார்கள். சிலர் வருவதற்கு மாதங்கள் ஆகும். ஒரு பலகை, இரண்டு பலகை என்று கடைகள் பாதி சாத்தின. செல்லத்துரை வேட்டியைக் கூட மாற்றவில்லை. முழக்கோல் கையிலேயே இருந்தது. சார்ஜன்ட் அதை வாங்கி மேசைமேல் வைத்துவிட்டு, அவரைக் கூட்டிக்கொண்டு போனார்.

பொலிஸில் அவரை இன்ஸ்பெக்டர் முன்னால் ஒரு பெஞ்சில் உட்கார வைத்தார்கள். இன்ஸ்பெக்டர் அந்த ஊருக்குப் புதியவர், நிதானமாகப் பேசுகிறவர். நிதானமாகப் பேசுகிற பொலிஸ்காரரைக் கண்டால்தான் நாம் இருக்கையின் நுனிக்கு நகர்வோம்.

"இந்தக் கெந்தகம் டாக்டர் யார், முதலாளி?"

"அது கதையில வர்ற ஆள், மாத்தயா. காமிக்ஸ் புத்தகம்."

"சரி. கதைதானே, சொல்லுங்க. அவர் ஏன் கெந்தகம் சேர்க்கிறார்?"

செல்லத்துரை வாயைத் திறந்தார். "தெரியாது, மாத்தயா."

"அந்தத் தும்பிக்குச் சிறகு கட்டிக் கொடுத்தது யார்?"

"தெரியாது."

"எந்த ஊரில நடக்குது?"

"தெரியாது, மாத்தயா. ஆனா கடைசியில..."

"கடைசி இருக்கட்டும். ஆரம்பம் எப்படி?"

ஆரம்பம். இத்தனை வருஷத்தில் ஒருவரும் செல்லத்துரையிடம் ஆரம்பத்தைக் கேட்டதில்லை. தான் பார்த்த படங்கள், படித்த கதைகள் எல்லாவற்றையும் மனசுக்குள் அவசரமாகப் புரட்டினார். எல்லாவற்றிலும் யாரோ சாகிறார்கள், யாரோ மாலை மாற்றுகிறார்கள், யாரோ அழுகிறார்கள். யார் அவர்கள், எங்கிருந்து வந்தார்கள் என்று ஒரு வரிகூட இல்லை.

இன்ஸ்பெக்டர் பேனையை மூடினார். "முதலாளி, ஒரு கதையைப் படித்தவனுக்கு ஆரம்பம் தெரியும், சில நேரம் முடிவு மறந்துபோகும். உங்களுக்கு முடிவு மட்டும்தான் தெரியுது. அப்படியென்றால் இது நீங்க படிச்ச கதையில்ல. யாரோ உங்ககிட்ட இவ்வளவை மட்டும் சொல்லி அனுப்பியிருக்காங்க."

அப்பழுக்கில்லாத வாதம். செல்லத்துரைக்கே கொஞ்சம் சந்தேகம் வந்துவிட்டது.

இதற்கிடையில், பொலிஸ் தேடுவது கந்தகம் டாக்டரை என்று கேள்விப்பட்டதுமே விஷயம் புரிந்துபோய், அன்னலட்சுமி சலூனுக்குள் நுழைந்தாள். பெண்கள் வராத இடம். பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள்.

"ஐயாவு அண்ணே, அந்தப் புத்தகத்த எடுங்க" என்றாள். "மூணையும் எடுங்க. அவருக்கு ஒண்ணும் தெரியாது. அவரு கடைசிப் பக்கத்தத் தவிர எதையும் படிக்கிறதில்ல. இத்தனை வருஷம் குடும்பம் நடத்துறேன், எனக்குத் தெரியாதா? அங்க போயி முழிச்சுக்கிட்டு நிப்பாரு. நீங்கதான் போயிக் கதையைச் சொல்லணும்."

ஐயாவு பழனியாண்டியைப் பார்த்தார். கதையை முழுசாக, சிங்களத்திலும் சொல்லக்கூடியவன் அவன் ஒருத்தன்தான். ஆனால் அவனுக்கு அடையாள அட்டை கிடையாது. மனுப் போட்டு, பெயர் பிழை என்று திரும்பி வந்து, மறுபடி போட்டு, அதோடு சரி. சாவடியைக் கண்டால் ரப்பர் மரங்களுக்குள் இறங்கிச் சுற்றிப் போகிறவன். அவனைப் போய், தானாகப் பொலிஸுக்கு வா என்று எப்படிக் கூப்பிடுவது?

பழனியாண்டி சட்டைப் பொத்தான்களைப் போட்டான். "முதலாளி எங்க ஆத்தா செத்தப்ப காசு கேக்காம துணி கிழிச்சுக் குடுத்தவரு" என்றான். "சத்தியத்த மீறி நம்ம கதையைக் கெடுத்தது வேற விஷயம். அத அப்புறம் பேசிக்கலாம். வாங்கண்ணே."

பொலிஸ் வாசலில் நின்ற கொன்ஸ்டபிள் பழனியாண்டியின் அட்டையைக் கேட்டார். அவன் சட்டைப் பையைத் தடவினான். இல்லாத ஒன்றை எவ்வளவு நேரம் தடவ முடியும்? ஐயாவு முந்திக்கொண்டு, "ராலஹாமி, இந்த ஆளுக்குத்தான் கெந்தகம் டாக்டரைப் பத்தி எல்லாம் தெரியும்" என்றார். சொன்ன பிறகுதான் அது எப்படிக் கேட்கும் என்று உறைத்தது. கொன்ஸ்டபிள் இரண்டு பேரையும் அவசரமாக உள்ளே தள்ளிக்கொண்டு போனார்.

இன்ஸ்பெக்டரின் மேசையில் முதல் இதழ், இரண்டாம் இதழ், ஊக்கு குத்திய மூன்றாம் இதழ் வைக்கப்பட்டன. "ஆரம்பத்திலிருந்து" என்றார் இன்ஸ்பெக்டர்.

பழனியாண்டியின் முதல் வரி நடுங்கியது. இரண்டாவது வரியில் கடிகாரக் கடை வந்தது. மூன்றாவதில் அவன் பொலிஸை மறந்தான். கடிகாரங்கள் டிக் டிக் என்றன. மஞ்சள் புகை எழுந்து நகரத்தை மூடியது. சிங்களத்தில் டாக்டர் கந்தகம் இன்னும் பயங்கரமாகச் சிரித்தான். சார்ஜன்ட் எழுதுவதை நிறுத்தினார். பக்கத்து வீட்டு மாடு தன் கீரைப் பாத்தியை மேய்ந்துவிட்டது என்று முறைப்பாடு கொடுக்க வந்திருந்த அம்மாள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். குடித்துவிட்டுக் கூண்டுக்குள் கிடந்த ஒருவர் எழுந்து வந்து கம்பியைப் பிடித்து நின்றார். தும்பி ஒற்றைக் கையில் தொங்கினான். பித்தளை முகம் குனிந்தது. விரல்கள் முகமூடியைத் தொட்டன.

பழனியாண்டி நிறுத்தினான்.

"பிறகு?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"தெரியாது, மாத்தயா. நாங்க இன்னும் படிக்கல. அந்த ஊக்குக்குள்ளதான் இருக்கு."

இன்ஸ்பெக்டர் தானே ஊக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மேசையில் வைத்தார். அப்போது பெஞ்சின் மூலையிலிருந்து, தன் உயிருக்கே உத்தரவாதம் இல்லாத அந்த நிலைமையிலும், ஒரு குரல் மெதுவாக எழுந்தது.

"மாத்தயா, நான் ஒண்ணும் சொல்லல, ஆனா கடைசியில..."

"வாயை மூடுங்க" என்றார் இன்ஸ்பெக்டர். நிதானம் போய்விட்டிருந்தது. "ஒரு வார்த்தை சொன்னாலும் உள்ளே போடுவேன்."

"இங்க வேண்டாம், மாத்தயா" என்றார் கம்பிக்குப் பின்னால் நின்றவர். "எங்கிட்ட சொல்லிருவாரு."

அப்படியாக, செல்லத்துரை தன் வாழ்க்கையிலேயே முதன்முறையாக ஒரு கதையை நடுவில் உட்கார்ந்து கேட்கும்படி ஆனது. பழனியாண்டி ஒவ்வொரு பக்கமாகத் தமிழில் படித்துச் சிங்களத்தில் சொன்னான். முதலில் செல்லத்துரைக்குச் சலிப்பாக இருந்தது. எப்படியும் தும்பி சாகப்போகிறான், எதற்கு இவ்வளவு பாடு? பிறகு நடுப்பக்கம் வந்தது. தொட்டியின் விளிம்பில் கட்டிப்புரண்ட சண்டையில் இரண்டு முகமூடிகளும் கழன்று விழுகின்றன. பொலிஸ் டாக்டரின் கோட்டையைச் சூழ்ந்துவிட்டது. தப்பிக்க வழியில்லாத டாக்டர் கந்தகம், தும்பியின் இரும்பு முகமூடியையும் முறிந்த சிறகையும் எடுத்துத் தான் மாட்டிக்கொண்டு ஓடுகிறான்; கால் தடுக்கித் தொட்டிக்குள் விழுகிறான். புகை முகத்தை எரிக்கிறது என்று மிச்சமிருந்த பித்தளை முகமூடியைத் தும்பி மாட்டிக்கொள்கிறான். கதவை உடைத்துக்கொண்டு பொலிஸ் வருகிறது. விலங்கு மாட்டுகிறது.

செல்லத்துரை பெஞ்சிலிருந்து பாதி எழுந்துவிட்டார். "அப்ப அந்த விலங்கு..."

"உஷ்" என்றாள் மாட்டு முறைப்பாட்டு அம்மாள்.

முகமூடியைக் கழற்றி நான்தான் தும்பி என்று சொல்லிவிடலாம். ஆனால் வெளியே, தும்பி செத்துவிட்டான் என்று அழுதுகொண்டு, அதுவரை கதவைச் சாத்திக்கொண்டு கிடந்த நகரம் முழுவதும் தெருவில் இறங்கி நிற்கிறது. நான் உயிரோடு இருக்கிறேன் என்று தெரிந்தால் இவர்கள் எல்லாவற்றையும் என்னிடம் விட்டுவிட்டு மறுபடி கதவைச் சாத்திக்கொள்வார்கள் என்று அவன் நினைக்கிறான். வாயைத் திறக்காமல் நடக்கிறான். கல் விழுகிறது. முற்றும்.

கடைசிப் பக்கத்தைப் பழனியாண்டி இன்ஸ்பெக்டரின் பக்கம் திருப்பிக் காட்டினான். செல்லத்துரை எட்டிப் பார்த்தார். வியாழக்கிழமை பார்த்த அதே படம். ஒரு கோடு மாறவில்லை. ஆனால் அவர் இதைப் பார்த்ததேயில்லை.



"அந்த ஆளை ஒருத்தரும் விசாரிக்கலையா?" என்றார் இன்ஸ்பெக்டர். "முகமூடியைக் கழற்றிப் பார்த்திருந்தாலே போதுமே."

"பார்க்கல, மாத்தயா" என்றான் பழனியாண்டி. "இவன்தான்னு முன்னாடியே முடிவு பண்ணிட்டாங்க."

இன்ஸ்பெக்டர் புத்தகத்தை மூடினார். மேசைமேலிருந்த சொறிக் களிம்புப் போத்தலைப் பார்த்தார். சார்ஜன்டைப் பார்த்தார். சார்ஜன்ட் கூரையைப் பார்த்தார். "இதைக் கொண்டுபோய்த் தோட்டத்தில் கொடுத்துவிட்டு வா" என்றார் இன்ஸ்பெக்டர். பிறகு, "நீங்க போகலாம், முதலாளி" என்றார். பழனியாண்டியின் அட்டையைப் பற்றி ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. கூண்டுக்குள் இருந்தவர் மட்டும், முதல் பாகத்தை இன்னொரு தடவை சொல்ல முடியுமா என்று கேட்டார்.

வெளியே வெயில் சாய்ந்திருந்தது. கேட்டுக்கு எதிரே சலூன் பெஞ்சு முழுவதும், கடைவீதியில் பாதியும், தோட்டத்துப் பெண்கள் சிலரும் நின்றார்கள். காலையிலிருந்து ஒருவரும் சாப்பிடவில்லை. நாளைக்குக் கதை படிப்பது பற்றிய நினைப்பே அவர்களுக்கு இல்லை. ஆள் வந்தால் போதும் என்று நின்றார்கள். அன்னலட்சுமி முந்தானையைக் கையில் சுருட்டிப் பிடித்திருந்தாள். செல்லத்துரை படியிறங்கி வருவதைக் கண்டதும் ஒரு கிழவர் கும்பிட்டார். யாரோ விசும்பினார்கள்.

செல்லத்துரை அவர்களுக்கு முன்னால் வந்து நின்றார். இத்தனை பேரும் தனக்காகவா என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். கண் கலங்கியது. இவர்களுக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் போலிருந்தது. தன்னிடம் இருப்பதிலேயே உயர்ந்ததைக் கொடுக்க வேண்டும் போலிருந்தது.

"கடைசியில" என்றார், குரல் தழுதழுக்க, "ரெண்டு பேரும் முகமூடிய மாத்திப் போட்டுக்கிட்டாங்க. செத்தது தும்பி இல்ல."

பின்னாலேயே வந்த ஐயாவு கையிலிருந்த ஊக்குகள் தரையில் சிந்தின.

அன்னலட்சுமி முந்தானையை விட்டாள். பழனியாண்டியின் பக்கம் திரும்பி, அமைதியாகக் கேட்டாள். "தம்பி, உங்களுக்குத்தான் நல்லா சிங்களம் வருமே. உள்ள போயி மாத்தயாகிட்ட கேட்டுப் பாருங்க, இவர இன்னும் ரெண்டு நாளு வச்சுக்க முடியுமான்னு."

இனத்தின் இயல்பு இதுதான். திருந்துமா என்று கேட்காதீர்கள். அதைவிட, நீங்கள் அந்த இனமா இல்லையா என்று தெரிந்துகொள்வது முக்கியம். சோதனை மிகவும் எளிது. முதல் வரியிலிருந்து நடந்து இந்த இடத்துக்கு வந்துசேர்ந்தவர்கள் நிம்மதியாகப் போகலாம். தலைப்பைப் பார்த்ததும், எதில் போய் முடிகிறது என்று நேரே இந்தப் பத்திக்குக் கண்ணை ஓட்டியவர்கள் மட்டும் கொஞ்சம் நில்லுங்கள். உங்களுக்கு வேண்டியது இதோ: கடைசியில் பொலிஸ் செல்லத்துரையை விட்டுவிட்டது, ஊரே வாசலில் காத்திருந்தது, அவர் கண் கலங்க நாலு வார்த்தை பேசினார், மனைவி அவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். போங்கள், பக்கத்தில் யாராவது இப்போதுதான் இந்தக் கதையைத் தொடங்கியிருப்பார். அவரிடம் போய்ச் சொல்லுங்கள்.